புராஸ்டேட் ஆபரேஷனுக்கு முன்பே இடுப்புத் தசைப் பயிற்சி: உண்மையில் பலன் உண்டா?

மாலை_நடை:
வணக்கம். வயது 63. பயாப்ஸியில் புற்றுநோய் உறுதியாகி, புராஸ்டேட்டை முழுவதுமாக எடுத்துவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. ரோபோட் மூலம் செய்கிறார்கள். தேதிக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. நோயைப் பற்றி டாக்டர் பொறுமையாகவே விளக்கினார், அதில் குழப்பம் இல்லை. கிளம்பும் நேரத்தில் "கீகல் எனும் இடுப்புத் தசைப் பயிற்சியை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள், பின்னால் சிறுநீர்க் கசிவு குறையும்" என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதில் இருப்பது நாலே வரி. சிறுநீரை அடக்குவது போல இறுக்கவும், பத்து எண்ணவும், விடவும். இறுக்கினால் எனக்கு வயிறு, தொடை, தாடை எல்லாம் சேர்ந்து இறுகுகிறது. எது அந்தத் தசை என்று பிடிபடவில்லை.

முன்கூட்டியே செய்வதால் நிஜமாகவே பலன் உண்டா, இல்லை ஏதோ நம் மனத்திருப்திக்குச் சொல்கிறார்களா? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

கல்தூண்:
எனக்கு இதே ஆபரேஷன் ஆகி சில வருடம் ஆகிறது. பயிற்சி எதுவும் செய்யவில்லை. யாரும் சொல்லவுமில்லை. ஆபரேஷனில் சிறுநீர் வடிய வைத்த குழாயை எடுத்ததும் நன்றாகவே கசிந்தது, அப்புறம் மெல்ல மெல்லக் குறைந்தது, ஒரு வருடத்துக்குள் பேட் தேவைப்படாமல் போனது. உடம்பு தானாகவே சரிசெய்துகொள்ளும் சார்.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. 2011-இல் லான்செட் மருத்துவ இதழில் பிரிட்டன் ஆய்வு ஒன்று வந்தது, மேப்ஸ் என்று பெயர். ஆபரேஷனுக்குப் பிறகு கசிவு இருந்தவர்களுக்குத் தனித்தனியாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 12 மாத முடிவில் பயிற்சி வகுப்புக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆக, செய்தால் தப்பில்லை, செய்யாவிட்டாலும் குடி முழுகாது.

தசைநார்:
நான் இந்தத் துறையில் பிசியோதெரபிஸ்ட். கல்தூண் சார் சொன்ன ஆய்வு உண்மைதான், ஆனால் அது இந்தக் கேள்விக்கான பதில் இல்லை. மேப்ஸில் பயிற்சி தொடங்கியதே ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் கழித்து, அதுவும் அப்போது கசிவு இருந்தவர்களுக்கு. மாலை_நடை கேட்பது ஆபரேஷனுக்கு முன்பு செய்வதைப் பற்றி.

முன்பு செய்வது பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று 2016-இல் ஐரோப்பிய யூராலஜி இதழில் வந்தது. முன்கூட்டியே தொடங்கியவர்களுக்கு மூன்றாவது மாதத்தில் கசிவு குறைவாக இருந்தது. ஆறாவது மாதத்தில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் இதே கோட்டில்தான் போகிறது: ஆபரேஷனுக்கு முன் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கலாம், குழாய் எடுத்த பிறகு கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'லாம்' என்பதற்கும் 'வேண்டும்' என்பதற்கும் நடுவே உள்ள தூரம்தான் இப்போதைக்கு ஆதாரத்தின் பலம். எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை, ஒவ்வொன்றிலும் பயிற்சி முறை வேறு, 'கசிவு இல்லை' என்று எதைச் சொல்கிறார்கள் என்பதும் வேறு.

ஆகவே என் கருத்து: இந்தப் பயிற்சி உங்களை வேறு ஊருக்குக் கொண்டுபோகாது, அதே ஊருக்குச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். அவ்வளவுதான் எதிர்பார்க்க வேண்டும். அதுவே பெரிய விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

ஈரமண்:
தசைநார் கடைசியில் சொன்னதற்கு நான் சாட்சி. "ஒரு வருடத்தில் எல்லாம் ஒன்றுதான்" என்று எழுதுவது சுலபம். அந்த முதல் சில வாரம் எப்படி இருக்கும் தெரியுமா? நாற்காலியிலிருந்து எழுந்தால் கசியும். இருமினால் கசியும். குனிந்து செருப்பு மாட்டினால் கசியும். படுத்திருக்கும்போது ஒன்றும் இல்லை, காலையில் பரவாயில்லை, சாயங்காலம் ஆக ஆகத் தசை அசந்துபோய்ச் சொட்டுச் சொட்டாக நிற்காமல் வரும். வெளிர் நிற பேண்ட்டை எல்லாம் பீரோவுக்குள் தள்ளிவிட்டேன். எங்கே போனாலும் முதலில் கழிப்பறை எந்தப் பக்கம் என்றுதான் கண் தேடும். வேலைக்குத் திரும்புவது, பேரனைத் தூக்குவது, ஒரு கல்யாணத்துக்குப் போய் வருவது எல்லாம் அந்த மாதங்களில்தான் வருகிறது. அதில் ஒரு மாதம் மிச்சமானாலும் எனக்கு லாபம்தான்.

நான் முன்கூட்டியே பிசியோவிடம் போனேன். பயிற்சியால்தான் சீக்கிரம் சரியானது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் குழாயை எடுத்த அன்று எந்தத் தசையை இயக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வலியும் வீக்கமும் மரத்த உணர்வுமாக இருக்கும் நேரத்தில் அதைப் புதிதாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கவில்லை.

மாலை_நடை:
நன்றி சார். அந்தத் தசையைக் கண்டுபிடிப்பதில்தான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். யாராவது புரியும்படி சொல்ல முடியுமா?

தசைநார்:
முதலில் ஏன் கசிகிறது என்று பார்த்துவிடுவோம், அப்புறம் எந்தத் தசை என்பது தானாகவே புரியும்.

ஆண்களுக்குச் சிறுநீரைப் பிடித்துவைக்க இரண்டு அடைப்புகள் உண்டு. சிறுநீர்ப்பையின் கழுத்தில், புராஸ்டேட்டை ஒட்டி ஒன்று. அது நாம் நினைத்து இயக்குவது இல்லை, தானாக மூடிக்கொண்டிருக்கும். இரண்டாவது புராஸ்டேட்டுக்குக் கீழே, சிறுநீர்ப் பாதையைச் சுற்றி இருக்கும் சுருக்குத்தசை. அதை நம் விருப்பப்படி இறுக்க முடியும். புராஸ்டேட்டை எடுக்கும்போது சிறுநீர்ப்பையை அதிலிருந்து வெட்டிப் பிரித்து, கீழே மீதமிருக்கும் பாதையோடு தைக்க வேண்டும். முதல் அடைப்பு பெரும்பாலும் அங்கேயே போய்விடும் அல்லது பலவீனமாகிவிடும். இத்தனை வருடமும் துணைக்கு நின்ற கீழ்ச் சுருக்குத்தசை அன்று முதல் தனியாளாக வேலை பார்க்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள இடுப்புத் தளத் தசைகள் அதற்குத் தோள் கொடுக்கின்றன. பயிற்சி இவற்றுக்குத்தான்.

இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு, 'இறுக்கு' என்றதும் ஆசனவாயைச் சுருக்குவது. காற்றை அடக்குவது போல என்று பலரும் சொல்லிக்கொடுப்பதால் வருவது இது. நமக்கு வேலை பின்பக்கம் இல்லை, முன்பக்கம். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஆண்களிடம் வெவ்வேறு வார்த்தைகளில் சொல்லி, தோலின் மேல் அல்ட்ராசவுண்ட் வைத்து எது அசைகிறது என்று பார்த்தார்கள். 'ஆண்குறியை உள்ளே இழுத்துக் குட்டையாக்குங்கள்' என்றபோது சிறுநீர்ப் பாதையின் சுருக்குத்தசை நன்றாக இயங்கியது. 'ஆசனவாயைச் சுற்றி இறுக்குங்கள்' என்றபோது பின்பக்கத் தசைதான் அதிகம் வேலை செய்தது. 'சிறுநீர்ப்பையை மேலே தூக்குங்கள்' என்றபோது வயிறு இறுகி உள்ளழுத்தம் கூடியது, அது நமக்கு நேர் எதிரி. நான் சொல்லிக்கொடுப்பது முதல் வாசகத்தைத்தான்.

வீட்டில் பார்த்துக்கொள்ள: ஆடையில்லாமல் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நில்லுங்கள். மூச்சை இயல்பாக விட்டுக்கொண்டே குறியை உடம்புக்குள் இழுப்பது போல மெல்ல இழுங்கள். அடிப்பகுதி சற்றே உள்ளே போக வேண்டும், விதைகள் கொஞ்சம் மேலே ஏற வேண்டும். ஒரு கை வயிற்றில் இருக்கட்டும், அது கல்லாகக் கூடாது. புட்டம் குவியக் கூடாது. மூச்சு நின்றால் ரொம்பப் பலமாக இறுக்குகிறீர்கள் என்று அர்த்தம், பாதி பலம் போதும். விட்டதும் எல்லாம் பழைய இடத்துக்கு இறங்குவது தெரிய வேண்டும். இறங்காவிட்டால் அடுத்ததைத் தொடங்காதீர்கள்.

சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பது அந்த உணர்வைப் புரிந்துகொள்ள ஒருமுறை செய்தால் போதும். அதையே தினசரிப் பயிற்சியாக்க வேண்டாம். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகும் பழக்கம் கெடும்.

பழைய_வானொலி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கீகல் என்பது பிரசவமான பெண்கள் செய்வதல்லவா? நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

தசைநார்:
தொடக்கம் அங்கேதான். ஆர்னால்ட் கீகல் அமெரிக்க மகளிர் நல மருத்துவர், பிரசவத்துக்குப் பின் சிறுநீர் கசியும் பெண்களுக்காக 1948-இல் இதைப் பற்றி எழுதினார். ஆண்களுக்கும் அதே இடத்தில் தசைத் தொட்டில் இருக்கிறது. உங்கள் நண்பருக்கு இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும்.

மாலை_நடை:
கண்ணாடி முன் நின்று பார்த்தேன். முதலில் ஒன்றும் அசையவில்லை. வயிற்றைத் தளர்த்திவிட்டு மெதுவாக இழுத்தபோது, ஆமாம், லேசாக உள்ளே போனது. ஆனால் இரண்டு மூன்று எண்ணுவதற்குள் நழுவிவிடுகிறது. தாளில் பத்து எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை, படுத்துக்கொண்டா, நின்றுகொண்டா?

தசைநார்:
இரண்டு எண்ணிக்கைதான் நிற்கிறது என்றால் இரண்டிலேயே தொடங்குங்கள். நழுவிய பிறகும் பத்து வரை எண்ணினால் வேலை செய்வது வயிறுதான். வாரப்போக்கில் நீளும்.

படுத்துக்கொண்டு கண்டுபிடிக்கலாம், பயிற்சி நின்றுகொண்டு. கசியப்போவது நிற்கும்போதும் நடக்கும்போதும்தானே. 2019-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் ஆபரேஷனுக்கு ஐந்து வாரம் முன்பே தொடங்கி, ஒரு குழுவுக்கு நின்ற நிலையில் தினம் ஆறு சுற்று கொடுத்தார்கள். சுற்றுக்கு 10 வேகமான சுருக்கம், 10 நிதானமான சுருக்கம், ஆக நாளைக்கு 120. இன்னொரு குழுவுக்கு வழக்கமான மூன்று சுற்று, நாளைக்கு 30. அதிகம் செய்த குழுவுக்கு ஆரம்ப வாரங்களில் கசிவு குறைவாக இருந்தது. சிறிய ஆய்வு, நூறு பேர்கூட இல்லை, அதனால் 120-ஐ மந்திர எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் எனக்குப் பிடித்தது வேகமான சுருக்கத்தையும் சேர்த்தது. இருமல் சொல்லிவிட்டு வராது. சட்டென்று மூடத் தெரிந்த தசையும் வேண்டும், ரொம்ப நேரம் மூடிவைக்கத் தெரிந்த தசையும் வேண்டும்.

எண்ணிக்கையை விட முக்கியமாக நான் நினைப்பது ஒரு பழக்கம். எழுவதற்கு முன், தும்முவதற்கு முன், எதையாவது தூக்குவதற்கு முன் ஒரு நொடி முந்தி இறுக்கிக்கொள்வது. இப்போதே, கசிவே இல்லாத காலத்திலேயே, நாற்காலியிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் செய்து பழகுங்கள். அப்புறம் யோசிக்காமலே வரும்.

தனிமரம்:
எனக்கும் அடுத்து இதே ஆபரேஷன்தான். ஆனால் எனக்கு ஏற்கெனவே பல வருடமாக அந்த இடத்தில், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே, வலி உண்டு. நாள்பட்ட புராஸ்டேட் அழற்சி என்றார்கள். உட்கார்ந்தால் கூடும். நானும் இந்தப் பயிற்சியைத் தொடங்கலாமா?

தசைநார்:
நீங்கள் தொடங்குவதற்கு முன் நேரில் ஒரு பிசியோவிடம் காட்டியே ஆக வேண்டும் தம்பி. அந்த மாதிரி வலி உள்ளவர்களில் பலருக்குத் தசை பலவீனமாக இருப்பதில்லை, எப்போதும் விறைத்தே இருக்கும். விறைத்த தசைக்கு மேலும் இறுக்கம் கொடுத்தால் வலி கூடும், சிறுநீர் தயங்கித் தயங்கி வரும். உங்களுக்கு முதல் பாடம் தளர்த்துவதாக இருக்கலாம். வயிறு வரை இறங்கும் மூச்சு, கீழ்த் தளம் விரிவதை உணர்வது, இப்படி. வலியில்லாதவர்களும் புதிதாக வலியோ எரிச்சலோ தொடங்கினால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

அமைதிப்பூ:
நான் நோயாளி இல்லை, நோயாளியின் மனைவி. என் கணவருக்கு ஆபரேஷன் ஆனது. ஆண்கள் எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன்.

குழாய் இருக்கும் நாட்களில் பயிற்சி கூடாது என்று எங்களுக்குத் தெளிவாகச் சொன்னார்கள். தையல் ஆறட்டும், உள்ளே ஒரு குழாய் இருக்கும்போது அதை நெரிக்க வேண்டாம் என்றார் நர்ஸ். எங்களுக்கு ஒரு வாரத்துக்குச் சற்று மேல் இருந்தது, சிலருக்கு இரண்டு வாரம் வரை ஆகும் என்றார்கள். குழாயை எடுக்கப் போகும் அன்று கையில் பேட்டும், மாற்றுப் பேண்ட்டும் எடுத்துப்போங்கள். எடுத்த நிமிடமே தேவைப்படும். கட்டிலுக்கு நீர் புகாத விரிப்பு.

அவர் "குறையவே இல்லை, குறையவே இல்லை" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். நான் சமையலறைத் தராசில் உலர்ந்த பேட்டை எடை போட்டு வைத்துக்கொண்டு, நனைந்ததை ஒரு பையில் கட்டி எடை போட்டுக் கழித்தேன். ஒரு கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லி. ஒரு நாள் முழுவதுக்கும் கூட்டி நோட்டில் எழுதினேன். வாராவாரம் எண் இறங்கியதைக் காட்டிய பிறகுதான் மனுஷன் வாயை மூடினார். பேட் எண்ணிக்கையை நம்பாதீர்கள். சிலர் ஒரு சொட்டுக்கே மாற்றுவார்கள், சிலர் கனக்கும் வரை வைத்திருப்பார்கள். அந்தத் தராசு இப்போது தோட்டத்துக்குப் போய்விட்டது, புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன்.

இன்னொன்று, கசியும் என்று பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சலும் அவசரமும்தான் கூடியது. தண்ணீரைப் பழையபடி குடிக்கவைத்து, காபியைக் குறைத்தோம். மலச்சிக்கல் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள், முக்குவது அந்தத் தசைகளுக்கு ஆகாது.

கல்தூண்:
அம்மா, தராசு யோசனை அருமை. எனக்கு அது தெரிந்திருந்தால் பல இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஆனால் பயிற்சி விஷயத்தில் என் வருத்தம் வேறு. என்னோடு சிகிச்சை எடுத்த ஒருவர் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் ரொம்ப நாள் கசிந்தது. போன இடத்தில் எல்லாம் "நீங்கள் சரியாகச் செய்யவில்லை" என்றே சொன்னார்கள். மனிதர் நொந்துபோனார். ஆபரேஷனில் என்ன நடந்தது, அவர் உடம்பு எப்படி என்று யாரும் பேசவில்லை. எல்லாப் பழியும் நோயாளி தலையில். இந்தப் பயிற்சிப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

தசைநார்:
அந்தக் கோபம் நியாயமானது. பயிற்சி ஒரு பங்குதான். வயது, புராஸ்டேட்டின் அளவு, புராஸ்டேட்டுக்குக் கீழே சுருக்குத்தசை சூழ்ந்திருக்கும் சிறுநீர்ப் பாதையின் நீளம் எல்லாம் முடிவைத் தீர்மானிக்கின்றன. அந்த நீளத்தை ஆபரேஷனுக்கு முந்தைய எம்ஆர்ஐயிலேயே அளக்கலாம். நீளமாக இருப்பவர்களுக்குக் கட்டுப்பாடு சீக்கிரம் திரும்பும் வாய்ப்பு அதிகம். அதைப் பயிற்சியால் நீட்ட முடியாது. கதிர்வீச்சு சேர்ந்தால் நிலைமை இன்னும் மாறும். இதையெல்லாம் முன்பே மனம்விட்டுச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

பயிற்சி செய்தும் நிற்காவிட்டால் அதற்கும் வழி உண்டு. ஆறு மாதம் ஆகியும் முன்னேற்றமே இல்லாமல் கசிவு வாட்டி எடுத்தால் அறுவைச் சிகிச்சைத் தீர்வுகளைப் பேசத் தொடங்கலாம், ஒரு வருடத்தில் கட்டாயம் பேச வேண்டும் என்பது முன்பு சொன்ன அமெரிக்க வழிகாட்டுதல். கசிவு குறைவாக இருந்தால் சிறுநீர்ப் பாதையைத் தாங்கும் பட்டை, அதிகமானால் செயற்கைச் சுருக்கு வளையம். விதைப்பைக்குள் வைத்த சிறு பம்பை அழுத்தினால் வளையம் திறக்கும், சற்று நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும். வருடக்கணக்கில் பேட்டோடு காலம் தள்ளிக்கொண்டு, இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் நிறைய.

ஈரமண்:
கூச்சமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன், யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. பகலில் கசிவு நின்ற பிறகும் உடலுறவின் உச்சத்தில் கொஞ்சம் சிறுநீர் வரலாம். புராஸ்டேட் போனபிறகு விந்து வராது, அந்த இடத்தில் இது. பதறிவிட்டேன். டாக்டரிடம் கேட்டபோது பலருக்கும் நடப்பதுதான் என்றார். முன்னதாகச் சிறுநீர் கழித்துவிட்டுப் போவது, ஆணுறை, இவை போதும். துணைவியிடம் முன்கூட்டியே பேசிவிடுவது எல்லாவற்றையும் விட மேல்.

பழைய_வானொலி:
ஒரு சந்தேகம். எனக்குப் புற்றுநோய் இல்லை, புராஸ்டேட் வீக்கம் மட்டும். சிறுநீர்ப் பாதை வழியாக உள்ளே போய்ச் சுரண்டி எடுக்கலாம், அல்லது லேசர் என்கிறார்கள். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

தசைநார்:
உங்களுடையது வேறு கதை. அதில் சுரப்பியின் உள்பகுதியைத்தான் எடுக்கிறார்கள், வெளி உறை அங்கேயே இருக்கும், கீழ்ச் சுருக்குத்தசையும் அப்படியே. நிரந்தரக் கசிவு அபூர்வம். முதல் சில வாரம், லேசர் முறையில் கொஞ்சம் கூடுதலாகவே, இருமும்போது கசிவதும் அவசரமாக ஓடவேண்டியிருப்பதும் நடக்கும். தசையைக் கண்டுபிடித்து வைத்திருந்தால் இரண்டுக்கும் உதவும். அவசரம் வந்ததும் ஓடாதீர்கள், நின்று, சட்சட்டென்று சில முறை இறுக்குங்கள், அவசரம் தணியும், அப்புறம் நடந்து போங்கள்.

மாலை_நடை:
எல்லாருக்கும் நன்றி. எம்ஆர்ஐ அறிக்கையை எடுத்துப் பார்த்தேன், அந்த நீளத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் கேட்கிறேன். பிசியோவிடமும் நேரம் வாங்கியிருக்கிறேன். நின்றுகொண்டு ஐந்து எண்ணும் வரை நிற்கிறது. பேட் இப்போதே மொத்தமாக வாங்கி வைத்துவிடவா? மகன் இணையத்தில் பெட்டி பெட்டியாகப் போடுகிறேன் என்கிறான்.

கல்தூண்:
வேண்டாம் சார், மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். யாருக்கு எவ்வளவு கசியும் என்பது குழாயை எடுத்த பிறகுதான் தெரியும். இரவுக்குப் பெரியது ஒரு பாக்கெட், பகலுக்கு ஆண்களுக்கென்றே முன்பக்கம் தடித்துச் செய்த பேட் ஒரு பாக்கெட், இவை போதும். நழுவாமல் பிடித்துக்கொள்ள இறுக்கமான உள்ளாடை வாங்கிக்கொள்ளுங்கள், லூசான டவுசரில் நிற்காது. தோல் சிவந்தால் உடனே கம்பெனியை மாற்றுங்கள்.